புதுப்பிப்பு: உப்புவெளி மாமியின் மடிக்கணினியில் லினக்ஸ்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததால், உப்புவெளியில் ரியூசன் நடத்தும் மாமியின் பழைய மடிக்கணினிக்கு என்ன போடலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டாச்சு. விண்டோஸ் 10இல் போலவே மெனு இடது மூலையில் இருப்பதால் மாமி தடுமாறவே இல்லை. பிரிண்டரும் உடனே வேலை செய்தது.

சிக்கல் வந்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். மாமியின் பழைய வினாத்தாள்கள் எல்லாம் அந்த எழுத்துருவில் அடித்தவை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பதால், அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குழப்பம்தான் தெரியும். "தம்பி, என்ர பேப்பர் எல்லாம் போச்சோ?" என்று பதறிவிட்டார். எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவியதும் லிப்ரே ஒபிஸ் என்ற ஆவண மென்பொருளில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

இலங்கைத் தமிழர் வீடுகளில் இப்படி எத்தனையோ பாமினிக் கோப்புகள் கிடக்கின்றன. ஆகவே லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர்களே, முதலில் அவர்களின் பழைய கோப்புகளைத் திறந்து பாருங்கள். புதிய வினாத்தாள்களை, பாமினி போன்ற தனி எழுத்துரு தேவைப்படாத யூனிகோடில் அடிக்க மாமிக்கு இப்போது பழக்குகிறேன். பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோட் அடிக்க லினக்ஸில் நல்ல வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ.