புதுப்பிப்பு: மேற்கு பார்த்த படுக்கையறைக்கு எந்த நிறம்?

மயிலாப்பூரில் உள்ள எங்கள் பழைய அடுக்ககத்தின் மேற்கு பார்த்த படுக்கையறைக்கு, தேக்கு அலமாரியையும் மொசைக் தரையையும் மாற்றாமல் அவற்றோடு இசையும் சுவர் நிறம் எது என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

நான் விரும்பியிருந்த இளமஞ்சளைக் கைவிட்டேன். இரண்டு பூச்சு அடித்த சார்ட் தாளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது, மாலை வெயிலில் அது ஆரஞ்சாகவே தெரிந்தது. கைகொடுத்தது, தரையிலிருந்தே நிறத்தை எடுக்கச் சொன்ன யோசனைதான். மொசைக் சில்லுகளில் இருந்த சாம்பல் கலந்த பச்சையை மூன்று சுவர்களுக்கும், அதிலேயே சற்று அடர்ந்த சாயலைத் தலைமாட்டுச் சுவருக்கும் பூசினோம். சுவர் 60, மரமும் திரைச்சீலையும் 30, எடுப்பான நிறம் 10 என்ற விகிதத்தை ஏறக்குறைய பின்பற்றி, அந்தப் பத்துக்குப் பச்சைக்கு எதிர்நிறமான செங்காவியில் தலையணை உறைகள் மட்டும் வாங்கினோம்.

எதிர்பாராதது விளக்குதான். பழைய 6500 கெல்வின் குழல்விளக்கில் (கெல்வின் என்பது ஒளியின் சாயலைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீலம் கலந்த வெண்மை) சுவர் மருத்துவமனைச் சுவர்போல வெளிறியது. 3000 கெல்வினில் தேக்கு அழகாக ஒளிர்ந்தாலும் பச்சை பழுப்பேறியது. ஒரு வாரம் அலைந்த பிறகு, 4000 கெல்வினில் இரண்டும் ஒத்துப்போயின.

இன்னொன்று: ஷேட் கார்டில், அதாவது பெயின்ட் நிற மாதிரி அட்டையில், பார்ப்பதைவிட முழுச் சுவரில் நிறம் அழுத்தமாகத் தெரிகிறது. பெயின்டர் சொன்னபடி ஒரு படி வெளிர்ந்ததையே வாங்கினோம். அவர் சொன்னதே சரி.