கலைச்சொல்: கட்டமாக வரும் எழுத்தும் பூச்சியாக வரும் எழுத்தும்

> வரைபடத்தில் சீன எழுத்துகள் கட்டம் கட்டமாக வருவதை 'எழுத்துச் சிதைவு' எனலாமா?

வணக்கம். வேண்டாம் என்பேன். அங்கே எதுவும் சிதையவில்லை. பைத்தானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் நிரல்தொகுப்பு தானாக எடுத்துக்கொள்ளும் எழுத்துரு டெஜாவு சான்ஸ். சீன எழுத்துகளுக்கு அதில் வடிவம் கிடையாது, அவ்வளவுதான். வடிவம் இல்லாத எழுத்தின் யூனிகோடு எண்ணை மேட்பிளாட்லிப் தன் எச்சரிக்கையில் சரியாகவே சொல்லும். 20013 என்று வந்தால் அது 'ஜோங்', சீனாவின் பெயரில் வரும் முதல் எழுத்து. எழுத்து கெட்டிருந்தால் அந்த எண் எப்படிக் கிடைக்கும்?

சிதைவது வேறு இடத்தில். குறியாக்கம் என்பது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை. சீனத்துக்கான ஜிபிகே குறியாக்கத்தில் சேமித்த கோப்பை, ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும். எந்த எழுத்துருவைப் போட்டாலும் அது சரியாகாது. நாமும் பட்டதுதான்: திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கக் காலத்துப் பக்கங்களை யூனிகோடு என்று திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியுமே!

சீனர்கள் இரண்டையும் 'லுவான்மா' என்றே சொல்லிவிடுகிறார்கள். குழம்பிய குறி என்று பொருள். அந்தச் சொல்லை நம்பி, எழுத்துரு இல்லாததற்குக் கோப்பின் குறியாக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன் நான். ஜப்பானியச் சொற்கள் தெளிவு. குறியாக்கம் பிசகினால் 'மொஜிபாக்கே', வெறும் கட்டத்துக்கு 'டோஃபு'. 'டோஃபு வேண்டாம்' என்பதைச் சுருக்கித்தான் கூகுள் தன் எழுத்துருக்களுக்கு நோட்டோ என்று பெயர் வைத்தது.

என் பரிந்துரை: கட்டத்துக்கு 'வெற்றுக்கட்டம்', மற்றதற்கு 'குறியாக்கப் பிறழ்வு'. 'உருவிலி' என்றும் யோசித்தேன். அது மன்மதனின் பெயராச்சே, அவன் ஞாபகம் வந்து தொலைத்தது, விட்டுவிட்டேன்.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "எழுத்துருவை சிம்ஹெய் என்று மாற்றியதும் சீனம் சரியாகிவிட்டது, ஆனால் கழித்தல் குறி வெற்றுக்கட்டமாகிவிட்டது." நிஜமாகவே அப்படி நடக்கும். யூனிகோடு கழித்தல் குறி சிம்ஹெய் என்ற அந்தச் சீன எழுத்துருவில் இல்லை. வரைபட அச்சுகளில் வரும் எண்களுக்குச் சாதாரண இணைப்புக்கோட்டைப் பயன்படுத்தச் சொல்லி அமைப்பை மாற்ற வேண்டும்.

— — —

> என் பரிந்துரை: கட்டத்துக்கு 'வெற்றுக்கட்டம்'

படிவத்தில் நிரப்பாமல் விட்ட கட்டத்தையும் அப்படித்தானே சொல்வோம்? 'வடிவிலாக் கட்டம்' என்றால் காரணமும் சொல்லிலேயே வந்துவிடும். குறியாக்கப் பிறழ்வுக்கு என் ஓட்டு உண்டு.

இன்னொன்று. அதே வரைபடத்தில் தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பார்த்தேன். கட்டம் போய்விட்டது, ஆனால் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. குறியாக்கம் சரி, எழுத்துருவும் இருக்கிறது, எழுத்தையும் கொம்பையும் முறையாக இடம் மாற்றிக் கோக்கத்தான் ஆளில்லை. சீனத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது?