கழுவியதும் பெரிதாகிவிட்ட ஸ்வெட்டர்: அவிழ்க்க வேண்டுமா?

நூல்கண்டு:
அப்பாவுக்காக மூன்று மாதம் உட்கார்ந்து பின்னிய ஸ்வெட்டர். நான் முழுதாக முடித்த முதல் உடுப்பு இதுதான். நூல் சூப்பர்வாஷ் மெரினோ (இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய மெரினோ ஆட்டுக் கம்பளி), ஊசி 4 மி.மீ. கழுத்தில் ஆரம்பித்துக் கீழ்நோக்கிப் பின்னினேன், உடம்புக்குச் சுற்று ஒன்றுக்கு 220 கண்ணி. முடித்த அன்று அப்பா போட்டுப் பார்த்தார், அளவெடுத்தாற்போல இருந்தது. மார்புச் சுற்று 100 செ.மீ.

பிளாக்கிங் (பின்னியதை நனைத்து, அளவுக்கு வடிவம் கொடுத்து உலர்த்துவது) செய்தால் கண்ணிகள் ஒரே சீராகும் என்று படித்திருந்தேன். நேற்று இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிக் கொடியில் போட்டேன். காலையில் சுற்று 110 செ.மீ., கைகள் விரல் நுனியைத் தொடுகின்றன. இன்னும் ஈரம் காயவில்லை. மாதிரித் துண்டு பின்னிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன், 10 செ.மீ.க்கு 22 கண்ணி சரியாக வந்தது. எங்கே தப்பு செய்தேன்? அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.

ஊசிமுனை:
முதலில் கொடியிலிருந்து இறக்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இழுக்காமல், அடியில் இரண்டு கையும் கொடுத்து ஏந்தி எடுங்கள். குடித்த தண்ணீரின் கனம் முழுக்கத் தோள் கண்ணிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பழையஊசி:
அவிழ்க்காதீர்கள், தங்கச்சி. இதில் இரண்டு காரணம் கலந்திருக்கிறது. நீளம் கூடியதில் கொடிக்குப் பெரிய பங்கு, அகலம் கூடியது நூலால்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்குகள் உண்டு. அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் சாதாரணக் கம்பளி வடிவத்தைப் பிடித்து வைக்கிறது, தேய்த்துத் துவைத்தால் சுருங்கிக் கெட்டியாவதும் அதனால்தான். சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை மழுக்கிவிடுவார்கள், அல்லது மேலே மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். சுருங்காது, சரி. ஆனால் பிடிமானமும் போய்விடும். நனைந்ததும் கண்ணிகள் தளர்ந்து பரவும்.

மாதிரித் துண்டைக் கழுவினீர்களா? 220 கண்ணி 110 செ.மீ. வந்தால், 10 செ.மீ.க்கு 20 கண்ணி. கழுவி உலர்ந்த பிறகு வருவதுதான் உங்கள் நூலின் உண்மையான அளவு. ஊசியிலிருந்து இறங்கியதும் வந்த 22-ஐ நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நானும் முதல் இரண்டு உடுப்புகளில் இதையே செய்தேன்.

இப்போது செய்ய வேண்டியது: மறுபடி நனையுங்கள். முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, தடித்த துண்டில் பாய் போலச் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். நூலின் லேபிளில் உலர்த்தும் இயந்திரம் ஆகும் என்று இருந்தால், குறைந்த சூட்டில் போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். சூப்பர்வாஷில் தளர்ந்த கண்ணிகள் பெரும்பாலும் அதில் நன்றாகவே மறுபடி நெருங்கும். லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து, தட்டையாகப் பரப்பி, அளவு நாடாவை வைத்துக்கொண்டு உள்ளங்கையால் உள்பக்கமாகத் தள்ளித் தள்ளிச் சேருங்கள். வெளியே இழுக்க வேண்டாம். ஒரு நாள் கழித்துத் திருப்பிப் போடுங்கள்.

இடுப்பு, மணிக்கட்டு ரிப்பில் (ஓரத்தில் இழுபட்டுச் சுருங்கும் வரிவரியான பின்னல்) குண்டூசி குத்தவே வேண்டாம், விரலால் நெருக்கி விட்டால் போதும். ஒருமுறை ரிப்பை விரித்துக் குத்தி உலர்த்தினேன். அடுத்த முறை கழுவும் வரை அது பாவாடை ஓரம் மாதிரி விரிந்தே கிடந்தது. லேஸ் சால்வைக்கு மட்டும் நேர் எதிர்: துளைகள் கண் திறக்கும் வரை இழுத்து, ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்காத ஊசி குத்த வேண்டும். அந்தத் துளைகள் திறக்கிற நேரத்துக்காகவே நான் லேஸ் பின்னுகிறேன்.

இன்னொன்று, செருகிய நூல் நுனிகளை ஒட்ட வெட்டிவிட்டீர்களா?

கம்பளிப்பெட்டி:
இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நூல் அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்காதீர்கள். என் தங்கை குழந்தைக்குப் பின்னிய போர்வையில் வைத்தேன். பட்ட இடமெல்லாம் தொய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. கம்பளியை மறுபடி நனைத்துத் திருத்தலாம். உருகிய அக்ரிலிக் திரும்பாது. ஆவி காட்டுவதென்றால் சில செ.மீ. உயரத்தில் பிடித்துக் காட்டுங்கள், துணியைத் தொட வேண்டாம்.

நூல்கண்டு:
அக்கா, மாதிரித் துண்டை இன்று கழுவி உலர்த்தினேன். நீங்கள் சொன்ன அதே 20 கண்ணி.

லேபிளில் இயந்திரம் ஆகும் என்று இருந்தது. மூன்று முறை எடுத்து எடுத்து அளந்தேன். பரப்பி உலர்ந்த பிறகு சுற்று 103. அப்பா உள்ளே சட்டை போட்டுத்தான் அணிவார், அதனால் அது போதும். கைதான் இன்னும் 4 செ.மீ. நீளம். நுனிகளை ஒட்டத்தான் வெட்டியிருந்தேன், இரண்டு இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கின்றன.

பழையஊசி:
103 நல்ல அளவு! மேலிருந்து பின்னியதால் கையை மணிக்கட்டிலிருந்து அவிழ்க்கலாம். ரிப் முழுவதையும் அவிழ்த்து, அதற்கு மேல் 4 செ.மீ. எடுத்துவிட்டு, ரிப்பைத் திரும்பப் பின்னுங்கள். அவிழ்த்த நூல் நெளிநெளியாக இருக்கும். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி நனைத்துக் காயவைத்தால் நேராகிவிடும். கடைசி வரிசையைத் தளர்வாக முடியுங்கள், இல்லாவிட்டால் அப்பாவின் கை நுழையாது. எட்டிப் பார்க்கிற நுனிகளைக் கொக்கி ஊசியால் பின்பக்கம் இழுத்து, அதே நூலில் சிறு துண்டு எடுத்துத் தைத்துவிடுங்கள். புதிய நுனிகளை இரண்டு விரல் நீளம் விட்டு வையுங்கள், கழுவி உலர்ந்த பிறகு வெட்டலாம்.

நூல்கண்டு:
வலது கை ரிப்பை அவிழ்த்துவிட்டேன். சிட்டம் தண்ணீரில் ஊறுகிறது.