அஞ்சடி தொட்டி ஒட்டு விட்டுப்போச்சு, மீன்கள் வாளியில் இருக்கின்றன. உடனே வழி சொல்லுங்கள்

பெரம்பூர்_ஆஸ்கர் (காலை 5:50)

வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடித் தொட்டி. ஆறு வருடமாக ஹாலில் இருக்கிறது. நாலே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் பாதம் நனைகிறது. தொட்டியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. இடது பக்கக் கீழ் மூலையில், முன் கண்ணாடியும் அடிக் கண்ணாடியும் சேரும் இடத்தில் சிலிகான் பிரிந்து தண்ணீர் தகடு மாதிரி வழிகிறது.

ரெண்டு ஆஸ்கர் மீன், ஐந்து பேரட் மீன், ஒரு சக்கர் மீன். எல்லாவற்றையும் மூன்று வாளியிலும் ஒரு அண்டாவிலும் போட்டிருக்கிறேன். மாடி வீடு. கீழ்வீட்டில் சீலிங் வழியாகச் சொட்டுகிறதாம், அந்த அம்மா வந்து கதவைத் தட்டினார். மெயினை அணைத்துவிட்டேன். அதனால் ஏர் பம்ப், கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) எதுவும் ஓடவில்லை. வீட்டில் எம்-சீல் இருக்கிறது. உள்பக்கம் அப்பிவிட்டுத் திரும்பத் தண்ணீர் நிரப்பலாமா?

பெரிய ஆஸ்கர் அப்பா வாங்கி வந்தது. அப்பா இப்போது இல்லை. அது போய்விடக் கூடாது.

கொளத்தூர்_பழைய_ஆள் (6:02)

தம்பி, மெயினை அணைத்தது சரி. கீழ்வீட்டிலும் சொட்டு விழும் அறையின் விளக்கு, ஃபேன் சுவிட்சைப் போட வேண்டாம் என்று உடனே சொல்லிவிடு. சீலிங்கில் இறங்கும் தண்ணீர் வயர் போகும் குழாய் வழியாகத்தான் முதலில் ஓடும்.

எம்-சீல் வேண்டாம். 20 கன அடி தொட்டி, விளிம்புவரை நிரப்பினால் 566 லிட்டர், அதாவது அரை டன்னுக்கு மேல். பிரிந்த ஒட்டின் மேல் பூச்சு அப்பி அந்த எடையைத் தாங்க வைக்க முடியாது. அது பகலில் நீ ஆபீசில் இருக்கும்போது முழுசாக விட்டால் என்ன ஆகும் என்று யோசி. தொட்டியில் மிச்சம் இருக்கும் தண்ணீரைக் கொட்டாதே, சுத்தமான பாத்திரத்தில் எடுத்து வை. மீனுக்குப் பழகிய தண்ணீர் அதுதான்.

பம்ப் இல்லையென்றால் சொம்பால் வாளித் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து அதே வாளியில் ஊற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வாளிக்கும் இருபது தடவை. பேட்டரி பம்ப் கிடைக்கும்வரை இதுதான் காற்று. பெரிய ஆஸ்கர் இருக்கும் வாளியை முதலில் பார்.

அண்ணாநகர்_சாந்தி (6:11)

தம்பி, மீனை எடுத்துவிட்டீர்கள், நல்லது. அடுத்து ஃபில்டரைக் காப்பாற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். எனக்கு ஒருமுறை தொட்டி உடைந்தபோது மீன் ஒன்றுகூடச் சாகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் வரிசையாகப் போக ஆரம்பித்தன. காரணம் ஃபில்டரை ஒரு நாள் முழுக்க மூடியே வைத்திருந்ததுதான்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, தண்ணீரில் மிகக் குறைவு. ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டர் ஓட்டமில்லாமல் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே காற்று தீர்ந்து அழுக ஆரம்பிக்கும். இப்போதே திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சு, ரிங்கு எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீர் ஊற்றிய அகலமான பேசினில் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின் பட்டால் அத்தனையும் செத்துவிடும்.

பெரம்பூர்_ஆஸ்கர் (7:25)

அக்கா, திறந்து பார்த்தேன். நாற்றம் இல்லை, மண் வாசனைதான். பேசினில் போட்டுவிட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து ஹால் லைனை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தார், மற்ற அறைகளில் கரண்ட் வந்துவிட்டது. ஏர் பம்ப் ஓடுகிறது. மொட்டை மாடியில் 200 லிட்டர் நீல டிரம் ரெண்டு இருக்கிறது. முன்னால் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தது. பயன்படுத்தலாமா?

கொளத்தூர்_பழைய_ஆள் (7:31)

கெமிக்கல் வந்த டிரம் இல்லையே? தண்ணீர் மட்டும் என்றால் தாராளமாக. சோப்பு போடாமல் கல் உப்பு வைத்துத் தேய்த்துக் கழுவு. பாதி பழைய தண்ணீர், பாதி புதுசு. லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ என்றால் ஆன்டி குளோரின் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலந்த பிறகே ஊற்று. கேனிஸ்டரின் ரெண்டு பைப்பையும் ஒரு டிரம்மில் விட்டு ஓட்டு. இன்னொரு டிரம்முக்குப் பாதி ரிங்கை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு அதன் கீழே ஏர் ஸ்டோன் வை. டிரம் வாயை வலை போட்டுக் கட்டு. ஆஸ்கர் துள்ளும், இருட்டில் பயந்தால் இன்னும் துள்ளும்.

மூன்று நாளைக்குத் தீனி கிடையாது. மனசு கேட்காது, ஆனால் போடாதே. ஒரு சாண் ஆஸ்கர் ஒரு வாரம் பட்டினி தாங்கும். போடும் தீனிதான் நாளைக்கு அம்மோனியா.

வில்லிவாக்கம்_மீன்பிரியன் (9:10)

இடம் பத்தவில்லை என்றால் அந்த சக்கரை ரெட்டேரியில் விட்டுவிடுங்கள் ப்ரோ, அது எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்.

அண்ணாநகர்_சாந்தி (9:18)

எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினையே. தென் அமெரிக்க மீன் அது. கவசம் மாதிரி செதில், முள், இங்கே அதைத் தின்ன ஆள் குறைவு. ஏரியில் பெருகிவிட்டால் மீனவர் வலையில் நம் ஊர் கெண்டைக்குப் பதில் அதுதான் ஏறும், வலையும் கிழியும். தயவுசெய்து எந்த ஏரியிலும் விடாதீர்கள். இடம் இல்லையென்றால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், உண்மையாகவே சொல்கிறேன்.

பெரம்பூர்_ஆஸ்கர் (மறுநாள் இரவு 8:40)

சக்கர் எங்கேயும் போகவில்லை அக்கா, பேரட்டுகளோடு ரெண்டாவது டிரம்மில் இருக்கிறது. சின்ன ஆஸ்கர் பரவாயில்லை. பெரியது ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறது. செவுள் மட்டும் அசைகிறது. டெஸ்ட் கிட் வாங்கி வந்து சொட்டு விட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா குழாய் வெளிர் பச்சை ஆகிறது. போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அண்ணாநகர்_சாந்தி (8:52)

ஆஸ்கர் பயந்தாலும் கோபித்தாலும் அப்படித்தான் படுக்கும் தம்பி, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? செவுள் சிவந்து வீங்கியிருக்கிறதா? இல்லையென்றால் நேரம் இருக்கிறது.

பச்சைக்கு ஒரே மருந்து தண்ணீர் மாற்றுவது. இப்போதே மூன்றில் ஒரு பங்கு, நாளைக் காலை இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. போர் தண்ணீர் கலந்தால் பி.எச். பார்த்துவிட்டுக் கலக்குங்கள். பி.எச். ஏற ஏற அதே அளவு அம்மோனியா கூடுதல் விஷமாகும், சூடும் அப்படித்தான். டிரம்மை வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்து நைட்ரைட் வரலாம். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு, அதாவது டிரம்முக்கு 200 கிராம், தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும்.

பெரம்பூர்_ஆஸ்கர் (நான்காம் நாள்)

பச்சை போய் மஞ்சள் வந்துவிட்டது. பெரியது நிமிர்ந்து நிற்கிறது. டிரம் ஓரமாகக் கை வைத்தால் பார்க்கிறது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

இப்போது தொட்டி. ஆறு வருடம் ஒரு சொட்டு கசியாதது திடீரென்று ஏன் விட்டது?

ஆவடி_கண்ணாடி_வேலை (நான்காம் நாள்)

நான் கண்ணாடித் தொட்டி ஒட்டுகிறவன். திடீரென்று விடுவது அபூர்வம், நம் கண்ணுக்குத்தான் திடீர். காலித் தொட்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அப்புறம் நாலு மூலையிலும் தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு நாணயத்தை நுழைத்துப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய வேலையிலும் ஒட்டும் இடத்தின் மேல்தான் எங்களுக்குக் கவலை. பெர்லின் ஹோட்டலில் இருந்த பெரிய உருளைத் தொட்டி, அது அக்ரிலிக், 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் வெடித்து 10 லட்சம் லிட்டர் கொட்டியது. நிபுணர்கள் மாதக்கணக்கில் துண்டுகளை ஆராய்ந்தும் காரணம் இதுதான் என்று அறுதியிட முடியவில்லை. அவர்கள் சொன்ன மூன்று சாத்தியங்களில் ஒன்று ஒட்டு விட்டது.

பெரம்பூர்_ஆஸ்கர் (நான்காம் நாள், மாலை)

அண்ணா, மூன்று மூலையில் நாணயம் நுழையவில்லை. இடது முன் மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அடியில் பார்த்தால் ஸ்டாண்டின் பிளைவுட் நடுவில் உப்பியிருக்கிறது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் சிந்தியது ஊறியிருக்கிறது. ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

ஆவடி_கண்ணாடி_வேலை (நான்காம் நாள், இரவு)

அதுதான். மூலை அந்தரத்தில் நின்றிருக்கிறது, எடை முழுக்க அந்த ஒட்டை இழுத்திருக்கிறது. பிளைவுட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட் செய்யுங்கள், தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட்.

கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஒட்டே பிரிந்திருந்தால் உள் ஓரத்தில் மட்டும் சிலிகான் போட்டுப் பயன் இல்லை. மொத்தமாகப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும். பழைய சிலிகான் மேல் புதுசு சரியாகப் பிடிக்காது. பிளேடால் துளி மிச்சமில்லாமல் சுரண்டி, அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிகான் வேண்டவே வேண்டாம், மீனுக்கு விஷம். ஒட்டிய பிறகு வினிகர் வாசனை சுத்தமாகப் போகும்வரை, ஒரு வாரமாவது, தண்ணீர் விடாதீர்கள். என்னைக் கேட்டால் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் 12 மி.மீ. ஆக மாற்றிவிடுவேன். உங்கள் உயரத்துக்கு 10 ஓடும், ஆனால் நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டாமா?

பெரம்பூர்_ஆஸ்கர் (இருபத்திரண்டாம் நாள்)

12 மி.மீ.க்கே மாற்றிவிட்டேன். ஒட்டி எட்டு நாள் காத்திருந்து, கார் பார்க்கிங்கில் புது ஸ்டாண்டின் மேலேயே வைத்து, அடியில் நாளிதழ் விரித்து மூன்று நாள் தண்ணீர் நிரப்பி வைத்தேன். ஒரு புள்ளி ஈரம் இல்லை. அப்புறம்தான் மேலே ஏற்றி, இங்கேயும் அடியில் நாளிதழ் விரித்தோம். கேனிஸ்டரை டிரம்மிலிருந்து அப்படியே மாற்றிப் போட்டேன். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே பூஜ்ஜியம். எட்டு மீனும் உயிரோடு இருக்கின்றன.

பெரியது முதல் ரெண்டு நாள் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. நேற்று இரவு கையிலிருந்து பெல்லட் வாங்கிக்கொண்டது. கீழ்வீட்டு அம்மாவுக்கு சீலிங் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். இன்று சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மீன் பார்க்க வந்தார். அவர்கள் போனதும் குனிந்து நாளிதழைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.