ஃப்ரோசன் டெசர்ட்டுக்குத் தமிழ்ச்சொல்: நாளை மாலைக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,
டவுனிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் மக்கள் எந்த ஐஸை விரும்பி வாங்குகிறார்கள் என்று என் மாணவிகள் கேட்டறியப் போகிறார்கள். வினாத்தாள் நாளை அச்சுக்குப் போகிறது. ஏழாவது கேள்வி இடிக்கிறது: "ஐஸ்கிரீமா, ஃப்ரோசன் டெசர்ட்டா?" நம் உணவு விதிகளின்படி சாதாரண ஐஸ்கிரீமில் பால்கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பு சேர்த்துச் செய்தால் அது ஃப்ரோசன் டெசர்ட். 'உறைந்த இனிப்பு' என்று போட்டுப் பார்த்தோம். ஒரு பாட்டி, "உறை ஊத்துனதா? தயிரா தாயி?" என்று கேட்டார்.
— விருதுநகர்

பாட்டி கேட்டது சரிதான் அம்மா. உறை பாலோடு ஒட்டிய சொல். குறுந்தொகையில் வரும் முளிதயிரை எடுத்துக்கொள்ளுங்கள். முளிதல் என்றால் காய்தல், முற்றுதல். அங்கே முற்றிக் கட்டிப்பட்ட தயிர். அதே வழியில் 'முளிகூழ்'. வினைத்தொகை, வலி மிகாது; நடுவில் 'க்' வராது. ஐஸ்கிரீமுக்கான 'பனிக்கூழ்' என்ற சொல்லுக்கு இணையாகவும் நிற்கும். 'பனித்தல்' நடுங்குதலையும் குறிக்கும் என்பதால் அதைத் தனியே பேச வேண்டும்.
— தஞ்சாவூர்

ஐயா, பெட்டிக்கடையில் "ஒரு முளிகூழ்" என்று யார் கேட்பார்கள்? கூழ் என்றால் எங்களுக்கு ஆடியில் அம்மன் கோவிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழ். இலங்கையில் ஐஸ்கிரீமைக் குளிர்களி என்பார்கள்; இங்கே களி என்றால் சுடச்சுட உருண்டை. குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ், கப் ஐஸ் என்று ஊரே பேசுகிறது. 'எண்ணெய் ஐஸ்' போதும்.
— தருமபுரி

எண்ணெய் ஐஸ் என்று கேட்டால் யார் டிக் அடிப்பார்கள்? சொல்லே பதிலைச் சொல்லிவிடும். கணக்கெடுப்பு பாழ்.
— விருதுநகர்

தாவர எண்ணெய் உள்ளது என்று உறையிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. மறைக்க என்ன இருக்கிறது?
— தருமபுரி

பாருங்கள், இப்போது 'உறை' கவரும் ஆகிவிட்டது!
— தஞ்சாவூர்

ஃப்ரோசன் டெசர்ட் என்பதில் இரண்டு பொருள் கலந்து நிற்கிறது. பொதுவழக்கில் குல்ஃபியும் குச்சி ஐஸும் ஃப்ரோசன் டெசர்ட்தான். நம் விதியில் அது ஒரு வகை மட்டும். பொதுப்பெயர் 'உறை இனிப்பு' இருக்கட்டும். கேள்வியில் 'பால்கொழுப்பு ஐஸ்', 'தாவரக்கொழுப்பு ஐஸ்' என்று இரண்டையும் ஒரே மாதிரி எழுதுங்கள். எந்தப் பக்கமும் சாயாது.
— கோவை

சரி, அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். 'உறை இனிப்பு' தலைப்பில் மட்டும். கீழே குச்சி ஐஸ், கப் ஐஸ் படங்களும் போட்டிருக்கிறோம். அனைவருக்கும் நன்றி.
— விருதுநகர்

'உறை இனிப்பு' எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். 'பனித்தல்' பற்றி நாளை எழுதுகிறேன்.
— தஞ்சாவூர்