கதவுச் சத்தம் யார் காதில் விழுகிறது?

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தை, அதன் நாயகி நோராவின் பக்கமிருந்து மாற்றி எழுதி மேடையேற்றினோம். ஒலி என் பொறுப்பு.

இரண்டாம் அங்கத்தில் டாரன்டெல்லா என்ற வேகமான இத்தாலிய நடனம் வரும். நோரா ஆடுவாள், கணவன் பியானோ வாசித்துக்கொண்டே "மெதுவாக, மெதுவாக" என்பான். வழக்கமாகப் பியானோதான் அரங்கை நிறைக்கும். இயக்குநர் அதைத் தலைகீழாக்கச் சொன்னார். மேடைப் பலகைக்கு அடியில் கான்டாக்ட் மைக் ஒட்டினேன். பலகையின் அதிர்வை மட்டும் பிடிக்கும் சின்ன வில்லை அது. முதல் ஒத்திகையில் எல்லாருடைய காலடியும் சேர்ந்து இடியாக உருண்டது. இடம் மாற்றி மாற்றி ஒட்டியதில் நான்காம் நாள்தான் அவள் குதிகால் தனியாகக் கேட்டது. அந்த மைக்கின் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்ற ஏற்ற, பியானோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் தேய்ந்தது. அவள் தாளம் தப்பவில்லை, தன் தாளத்தில் ஆடுகிறாள் என்பது காதுக்கே தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் அந்தக் கதவு. 1879-இல் வெளிவந்த மூலத்தின் கடைசிக் குறிப்பே, கீழிருந்து வாசற்கதவு அடைபடும் ஓசைதான். மேடையில் கணவன் மட்டும் இருப்பான். ஆக, நோரா கணவனையும் வீட்டையும் விட்டுப் போவதை நாம் அவனோடு வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிறோம். எத்தனையோ முறை படித்தும் இது எனக்கு உறைக்கவில்லை. "நாம அவளோட வெளியே போகணும்" என்றார் இயக்குநர். கதவுச் சத்தத்தைப் பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால் வைத்தோம். அதுவரை டிக் டிக் என்றிருந்த வீட்டுக் கடிகாரம் நின்றது. மேடையில் கணவன் வாயசைத்தான், குரல் வரவில்லை. பின்னாலிருந்து காற்று மட்டும்.

* * *

ஒலி அமைத்தவர் எழுதிய இதைப் படித்ததும், நடிகையான எனக்கு, நான் ஒஃபீலியாவாக நடித்தது நினைவுக்கு வந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நான்காம் அங்கத்தில், பித்துப்பிடித்த நிலையில் அவள் துண்டு துண்டாகப் பாடுவாள். முதலில் நடித்த தயாரிப்பில் என் பாட்டுக்கு அடியில் வயலின் ஓடும். பித்துப்பிடித்தவள் அழகாகத் தெரிவாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு பெண்களே சேர்ந்து செய்த தயாரிப்பில் வயலினை எடுத்துவிட்டார்கள். தொண்டை உடைந்தால் உடையட்டும் என்றார்கள். அரசன் குறுக்கே பேசும்போதும் குரலை இறக்காமல் பாடினேன். ஒருநாள் ஒத்திகையில், ஒஃபீலியா நீரில் மூழ்கி இறந்த செய்தியைச் சொல்ல வரும் அரசி கெர்ட்ரூடாக நடித்தவர், வசனத்துக்கு முன்னால் என் மெட்டை வாய்க்குள் முனகினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. மறுநாளிலிருந்து அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.