ஈறில் ரத்தம்: அவரவர் அனுபவம்

ஈறில் ரத்தம் வருகிறது, அந்த இடத்தில் பிரஷ் படலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பலர் எழுதியவை இவை; ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு பேசுபவர் வேறொருவர்.

என் பல் மருத்துவரிடம் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கொக்கி மாதிரியான கருவியை விட்டுக் கொஞ்சம் வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துத் திரையில் காட்டினார். சுருள் சுருளான நூல்கள் நெளிந்தும் துள்ளியும் ஓடின. இடையிடையே பெரிதாக, உருண்டையாகக் கிடந்தவை என்னுடைய வெள்ளை அணுக்களாம். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாயில் 700 வகைக்கு மேல் பாக்டீரியா வாழலாம், பெரும்பாலானவை சாது என்றார். பல்லோரம் படியும் படலத்தைக் கலைக்காமல் விட்டால்தான் வம்பு. படலம் தடித்து, ஈறுக்கு அடியில் காற்றுப் புகாத இடம் உருவாகும். போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற கெட்ட பாக்டீரியா அங்கேதான் குடியேறும். அவற்றை விரட்டப் போய், நம் எதிர்ப்புச் சக்தியே பல்லைத் தாங்கும் எலும்பையும் சேர்த்துக் கரைக்கிறது. எனக்கு இது புதிய செய்தி. கிருமிதான் எலும்பைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஈறு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று ஒவ்வொரு பல்லாக அளந்தார்கள். 3 மில்லிமீட்டர் வரை சரி. எனக்குப் பின்பக்கம் 6 இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு அடிவரை சுத்தம் செய்தார்கள். அடுத்த முறை அதே இடத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது, அசையாத சின்ன உருண்டைகள்தான் அதிகம், சாது வகை பாக்டீரியாவாம். ஆழமும் 4 ஆகியிருந்தது. கரைந்த எலும்பு மட்டும் போனது போனதுதான்.

•

எனக்குச் சர்க்கரை நோய். மாத்திரையும் நடையும் ஒழுங்காக இருந்தும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) இறங்கவே இல்லை. ‘ஈறு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டவர் சர்க்கரை மருத்துவர்தான். இது இரண்டு பக்கமும் வெட்டுகிற விஷயமாம்: சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறில் அழற்சி நீடித்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈறு சிகிச்சைக்குப் பிறகு எனக்கு எச்பிஏ1சி கொஞ்சம் குறைந்தது. பொதுவாக 0.4 சதவீதம் போலக் குறையலாம் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கெல்லாம் இல்லை, ஆனால் சும்மா கிடைத்ததை ஏன் விட வேண்டும்?

•

புகை பிடிப்பவர்கள் கவனிக்க. என் அண்ணனுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வந்ததில்லை. பல் ஆடிய பிறகுதான் தெரிந்தது. புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால் அறிகுறி மறைந்துபோகுமாம்.

•

அப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு. பல் பிடுங்கவோ ஈறைச் சுத்தம் செய்யவோ போனால், ஒரு மணி நேரம் முன்னதாக ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் உட்காரவைக்கிறார்கள். வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எல்லா இதய நோயாளிக்கும் இது தேவையில்லை. இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

•

‘ஈறு கெட்டால் மாரடைப்பு’ என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதைப் பார்த்துவிட்டு என் மாமியார் இரண்டு நாள் தூங்கவில்லை. இரண்டு நோயும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன என்பது உண்மை. ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று போதாது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் சொன்னது. அப்புறம், பயந்துபோய்க் கிருமிநாசினியால் நாள் முழுக்க வாய் கொப்பளிக்காதீர்கள். கீரையில் உள்ள நைட்ரேட்டை, ரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவும் பொருளாக மாற்றித் தருவதும் நம் நாக்கில் வாழும் பாக்டீரியாதான்.

•

ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படலாமா என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். படத்தான் வேண்டும், மென்மையாக. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளர் மாணவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனதில் சரியாகிவிட்டது. அதற்கும் அடங்காமல் ரத்தம் வந்தால் அடியில் காரை, அதாவது கல்லாக இறுகிப்போன படலம், இருக்கும். அது பிரஷுக்கு வராது, பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.